போட்டிக்குக் கவரிங், பெட்டிக்குத் தங்கம்!



நான் அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கும் இல்லத்தரசி. என் மகளுக்கு 11 வயது. இரண்டு வருஷமாக அவளைப் போகிமான் கார்டு போட்டிகளுக்குக் கூட்டிப் போய் வருகிறேன். நம் வாசகிகளில் எத்தனையோ பேருக்கு மகனோ மகளோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாசம் வந்து தங்கும்போது, மேஜை மேலும் கட்டிலுக்கடியிலும் கிடக்கிற இந்தக் கார்டுகளைப் பார்த்து, "இதென்ன இவ்வளவு குப்பை?" என்று கேட்காதவர்கள் குறைவு. அவர்களுக்காகவும், பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துப் போகிற அம்மாக்களுக்காகவும்தான் இந்தக் கடிதம்.

"சீட்டாடவா புள்ளையைக் கூட்டிட்டுப் போறே?" என்று என் மாமியார் முதலில் பதறிப் போனார். அவர் மேல் தப்பில்லை. நம் ஊரில் சீட்டு என்றாலே காசு வைத்து ஆடுவதுதானே நினைவுக்கு வரும்! இது அந்தச் சீட்டு இல்லை. 1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்கிற கணித நிபுணர் உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' என்ற ஆட்டத்தில்தான் இந்த வகை தொடங்கியது. போகிமான் கார்டுகள் ஜப்பானில் 1996-லும், ஆங்கிலத்தில் 1999-லும் வந்தன.

போகிமான் ஆட்டத்தில் ஒவ்வொருவரும் 60 கார்டுகள் கொண்ட கட்டைத் தாங்களே தேர்ந்தெடுத்துத் தயார் செய்து கொண்டு வர வேண்டும். சக்தி தரும் சாதாரண 'எனர்ஜி' கார்டு தவிர, ஒரே பெயருள்ள கார்டு நாலுக்கு மேல் கூடாது. எதை வைப்பது, எதை எடுப்பது என்று யோசிப்பதிலேயே பாதி ஆட்டம் இருக்கிறது. கூட்டல் கழித்தல், நிதானம், தோற்றாலும் கை குலுக்கிவிட்டு எழுந்து வருவது எல்லாம் என் பெண்ணுக்கு இதில்தான் படிந்தது.

போட்டி எப்படி நடக்கும் என்றால், சனி, ஞாயிறுகளில் கார்டு விற்கும் கடைகளிலேயே சின்னப் போட்டி வைப்பார்கள். பெரிய போட்டிகள் பெரிய மண்டபங்களில் நடக்கும். வயதை வைத்து ஜூனியர், சீனியர், மாஸ்டர் என்று மூன்று பிரிவு உண்டு. முதல் ஆட்டத்தில் தோற்றால் வீட்டுக்குப் போ என்று சொல்வதில்லை. ஜெயித்தவர்களை ஜெயித்தவர்களோடும், தோற்றவர்களைத் தோற்றவர்களோடும் சேர்த்து அடுத்தடுத்த சுற்று ஆட விடுவார்கள். அதனால் புதுப் பிள்ளைக்கும் நாள் முழுக்க ஆட்டம் கிடைக்கும். உலகப் போட்டியும் உண்டு. 2023-ல் ஜப்பானின் யோகோஹாமாவிலும், 2024-ல் ஹவாயின் ஹொனலுலுவிலும் நடந்தது.

இவ்வளவும் நல்ல சேதி. இனிமேல்தான் கவலைப்பட வேண்டிய விஷயம் வருகிறது.

இந்தக் கார்டுகளில் சில வெறும் காகிதம் இல்லை, பணம். 'பிகாச்சு இல்லஸ்ட்ரேட்டர்' என்ற அபூர்வக் கார்டு ஒன்றை 2021-ல் லோகன் பால் என்பவர் 52,75,000 டாலர் கொடுத்து வாங்கினார். அதே ஆண்டு மே மாதம் விஸ்கான்சினில் ஒரு கடை வாசலில் கார்டுக்காக அடிதடி நடந்து, 'டார்கெட்' கடைகள் கொஞ்ச காலம் கார்டு விற்பதையே நிறுத்தி வைத்தன. நம் பிள்ளைகள் கையில் லட்சக்கணக்கில் இருக்கப் போவதில்லைதான். ஆனால் இருபது, ஐம்பது, நூறு டாலர் கார்டுகள் பத்து வயசுப் பையனின் ஆல்பத்தில் சாதாரணமாக இருக்கின்றன. அது திருடர்களுக்கும் தெரியும்.

போன வருஷம் ஒரு போட்டியில் ஒரு சின்னப் பையன், பையை நாற்காலிக்கடியில் வைத்துவிட்டு அடுத்த சுற்றில் யாரோடு ஆட்டம் என்று பார்க்கப் போனான். திரும்பி வந்தால் பையைக் காணோம். நாலு பிறந்த நாளுக்குச் சேர்ந்த கார்டெல்லாம் அந்த ஆல்பத்தில்தான் இருந்ததாம். "அவரவர் பொருளுக்கு அவரவரே பொறுப்பு" என்று நடத்தியவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளை அழுத அழுகையைப் பார்த்து அங்கிருந்த அம்மாக்கள் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரே கார்டு சாதாரண அச்சிலும் வரும், பளபளவென்று விசேஷ ஓவியத்தோடும் வரும். முன்னது ஒரு டாலர் என்றால் பின்னது ஐம்பதோ நூறோ ஆகலாம். ஆனால் ஆட்டத்தில் இரண்டுக்கும் பலம் ஒன்றுதான்! விலை கூடிய கார்டு வைத்தால் கூடுதலாக ஒரு பாயிண்ட் கிடைக்காது. நாம் ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது என்ன செய்கிறோம்? தங்கத்தை லாக்கரில் வைத்துவிட்டு, கவரிங் போட்டுக்கொண்டு கிளம்புகிறோம் இல்லையா? அதே கதைதான். போட்டிக்குச் சாதாரண அச்சு. விசேஷக் கார்டு வீட்டில். என் மகளிடம் இப்படிச் சொன்னதும் சட்டென்று புரிந்துகொண்டாள்.

போட்டிக்குப் போகும்போது நான் கடைப்பிடிப்பவை:

1. ஆட வேண்டிய 60 கார்டு, எழுதிக் கொடுக்க வேண்டிய கார்டுப் பட்டியல், தண்ணீர், சாப்பாடு. இவ்வளவுதான் பையில். பையின் வார் எப்போதும் தோளிலோ, உட்கார்ந்தால் காலிலோ சுற்றியிருக்க வேண்டும். பாத்ரூம் போனாலும் பை கூடவே போகும்.

2. கார்டுப் பெட்டிக்குள் அப்பா அல்லது அம்மாவின் போன் நம்பர் எழுதிய சீட்டு. நல்லவர்கள் கையில் கிடைத்தால் திரும்பி வரும்.

3. 60 கார்டுக்கும் ஒரே நிற, ஒரே மாதிரி பிளாஸ்டிக் உறை. ஒரு உறை மட்டும் கிழிந்தோ மடிந்தோ இருந்தால், பின்பக்கம் பார்த்தே என்ன கார்டு என்று அடையாளம் தெரிந்துவிடும். நடுவர் சோதித்தால் தண்டனை உண்டு. பிள்ளை வேண்டுமென்று செய்திருக்காது. ஆனாலும் மனசு ஒடிந்து போகும். பெரிய போட்டிக்கு முன் உறைகளை மாற்றிவிடுவது நல்லது.

4. கார்டுகளைப் பண்டமாற்றுச் செய்வது பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. சின்னப் பிள்ளைகளிடம் நைசாகப் பேசி, விலை கூடியதை வாங்கிக்கொண்டு உப்புக்குப் பெறாததைக் கொடுக்கும் பெரிய பையன்களும் வருகிறார்கள். "அம்மா வந்து போனில் விலை பார்க்கிற வரைக்கும் கார்டு கை மாறக் கூடாது" என்பது எங்கள் வீட்டுச் சட்டம். போலிக் கார்டும் உலவுகிறது. சந்தேகம் வந்தால் நம்மிடம் உள்ள நல்ல கார்டைப் பக்கத்தில் வைத்து, பின்புற நிறத்தையும் எழுத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீட்டில் வைக்கும் விதம் பட்டுப்புடவையைப் பாதுகாப்பது போலத்தான். வெயில் படக் கூடாது, சாயம் வெளுக்கும். ஈரம் ஆகாது. பளபளக்கும் கார்டில் காகிதம் ஈரத்தை இழுக்கும், மேலே உள்ள பளபளப்புப் படலம் இழுக்காது. அதனால் கார்டு வில் மாதிரி வளைந்துவிடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டவே கூடாது, ஓரம் வெட்டுப்படும். கோடையில் காருக்குள் விட்டு வரவும் கூடாது. மலிவான பி.வி.சி. பிளாஸ்டிக் ஆல்பம் நாளாக நாளாகக் கார்டைக் கெடுக்கும். 'பாலிப்ரோப்பிலீன்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வளையம் வைத்த ஃபைலில் வளையம் அழுத்திக் கார்டில் தடம் விழும். பக்கவாட்டில் செருகி ஜிப் போட்டு மூடும் ஆல்பம் மேல். ரொம்ப விலை கூடியதை மெல்லிய உறையில் போட்டு, அதன் மேல் கெட்டியான உறையில் வையுங்கள். எல்லாவற்றையும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வைத்தால், காணாமல் போனால் புகார் கொடுக்க உதவும். வீட்டு இன்சூரன்ஸில் இது தானாக அடங்கிவிடும் என்று நம்பாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிக்காத பாக்கெட்டில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. 'அடுத்ததில் கிடைக்கும்' என்று பிள்ளை வாங்கிக்கொண்டே இருந்தால், அத்தைமார்கள் பயப்படுகிற சூதாட்டப் புத்தி அங்கேதான் எட்டிப் பார்க்கும். ஆட்டத்துக்குத் தேவையான கார்டை மட்டும் தனியாக வாங்கினால் செலவும் குறைவு, ஆசைக்கும் ஒரு அளவு இருக்கும். எங்கள் வீட்டில் பாக்கெட் என்பது பிறந்த நாளுக்கும் தீபாவளிக்கும் மட்டும்தான்.

நாங்கள் போகிற போட்டிகளில் பெண் பிள்ளைகள் குறைவு. "பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு?" என்று சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். தெரியாத பையன் எதிரே உட்கார்ந்து, விதியைச் சொல்லி வாதாடி, சந்தேகம் என்றால் கை தூக்கி நடுவரைக் கூப்பிட்டு, தன் பொருளையும் தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்த பெண் நாளைக்கு எங்கே போனாலும் ஏமாற மாட்டாள் என்பது என் நம்பிக்கை.

பேரப்பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டைக் கூட்டிப் பெருக்கும்போது கீழே ஒரு கார்டு கிடந்தால் குப்பைக் கூடையில் போட்டுவிடாதீர்கள். அதை எடுத்து, "இது என்ன கார்டுடா கண்ணு, எனக்குச் சொல்லித் தா" என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசும்.

— ஒரு வாசகி, நியூஜெர்சி.