பாங்காக் ட்ரிப்: கார்டா, கேஷா?

என்னோட முதல் பாங்காக் ட்ரிப். ஒரு மால்ல பில் போடும்போது கார்டு மெஷின் 'பாட்டா, ரூபாயா?'ன்னு கேட்டுச்சு. ரூபாய்ல தெரிஞ்சா கணக்கு சுலபம்தானேன்னு ரூபாயை அழுத்திட்டேன். ஊரார் கணக்கையெல்லாம் ஆடிட் பண்ற சிஏ! ஸ்டேட்மென்ட் வந்ததும் அன்றைய ரேட்டோட ஒப்பிட்டுப் பார்த்தப்பதான் வலிச்சது.

ரூபாயைத் தேர்ந்தெடுத்தா, மாற்று விகிதத்தை உங்க பேங்க் முடிவு பண்ணாது; அந்தக் கடைக்கு மெஷின் கொடுத்த தரப்பு முடிவு பண்ணும். அவங்க லாபமும் அதுக்குள்ளேயே இருக்கும். கடை வெளிநாட்டுல இருக்குன்னு நம்ம ஊர் பேங்க் சிலது தனியா ஒரு கட்டணமும் போடும். அதனால எப்பவும் 'பாட்' மட்டும்தான்.

அடுத்தது மார்க்கப். நிறைய கிரெடிட் கார்டுகள்ல 3.5%. அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. 50,000 ரூபாய் செலவு பண்ணா 1,750 + 315, மொத்தம் 2,065 ரூபாய் காலி. மார்க்கப் இல்லாத கார்டுகளும் இருக்கு, கிளம்புறதுக்கு முன்னாடி உங்க கார்டோட கட்டண விவரத்தைப் படிச்சிடுங்க.

ஃபாரெக்ஸ் கார்டுல ரேட் லோட் பண்ற அன்னைக்கே லாக் ஆகிடும், நல்லதுதான். ஆனா டாலரை லோட் பண்ணிட்டு தாய்லாந்துல தேய்ச்சா, கிராஸ் கரன்சி கட்டணம் வரும். பாட் லோட் பண்ண முடியுமான்னு கேளுங்க. ஹோட்டல் டெபாசிட்டுக்கு மட்டும் கிரெடிட் கார்டு கொடுங்க. ஃபாரெக்ஸ் கார்டு கொடுத்தா அந்தப் பணம் பல நாள் முடங்கிப்போகும்.

சரி, கேஷ்? கண்டிப்பா வேணும். தள்ளுவண்டி சாப்பாடு, டுக் டுக், சந்தை எல்லாம் நோட்டுதான். ஏர்போர்ட் கவுன்ட்டர்ல மாத்தாதீங்க, ரெண்டு நாள் முன்னாடியே ஊர்ல ரெண்டு மூணு இடத்துல ரேட் கேளுங்க. 50,000 ரூபாய்க்கு மேல வாங்கினா ரொக்கமா கொடுக்க முடியாது, பேங்க் வழியாத்தான் கட்டணும்.

அங்கே ஏடிஎம்ல எடுத்தா ஒவ்வொரு தடவையும் 220 பாட்டுக்குக் குறையாம கட்டணம். கொஞ்சம் கொஞ்சமா எடுக்காம ஒரே தடவையா எடுங்க. கிரெடிட் கார்டுல மட்டும் எடுக்கவே எடுக்காதீங்க, வட்டி அன்னைக்கே ஓட ஆரம்பிச்சிடும்.

நான் இப்போ சுமார் கால்வாசி கேஷ், மீதி கார்டுன்னு போறேன். ரெண்டாவது கார்டு ஒண்ணு பர்ஸ்ல இல்லாம பைக்குள்ள தனியா இருக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி ஆப்ல இன்டர்நேஷனல் யூசேஜை ஆன் பண்ணுங்க, திரும்பி வந்து சென்னையில இறங்கினதும் ஆஃப் பண்ணிடுங்க.