அடங்காத பிள்ளை இல்லை... கருவிலேயே அடிபட்ட மூளை! - ஓர் ஆஸ்திரேலிய ஊரின் பெண்கள் எடுத்த முடிவு

ஒரே வருடத்தில் 55 மரணங்கள். அவற்றில் 13 தற்கொலைகள்.

மாநகரம் என்றால் இந்த எண்ணிக்கை யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும். மொத்தமே சில ஆயிரம் பேர் வாழும் ஒரு வட்டாரத்தில் நடந்தால்? வாரத்துக்கு ஒரு துக்க வீடு. ஒரு வீட்டுக் காரியம் முடிவதற்குள் அடுத்த வீட்டில் அழுகைச் சத்தம். 2006, 2007-ம் ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் கிராஸிங் அப்படித்தான் இருந்தது. அத்தனைக்கும் பின்னால் குடி இருந்தது என்பது ஊருக்கே தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கு மூலையில், கிம்பர்லி பகுதியில் இருக்கிறது இந்தச் சின்ன ஊர். கடற்கரை நகரமான புரூமிலிருந்து உள்ளே சுமார் 400 கிலோமீட்டர் போக வேண்டும். ஊரையும் ஃபிட்ஸ்ராய் ஆற்றை ஒட்டிச் சிதறிக்கிடக்கும் சிற்றூர்களையும் சேர்த்தால், அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் பழங்குடி மக்கள். புனுபா, கூனியாண்டி, வால்மஜாரி என்று ஐந்து மொழிக் குழுக்கள்.

குடி அங்கே வந்து சேர்ந்த கதையும் தெரிந்திருக்க வேண்டும். அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக வெள்ளையர்களின் கால்நடைப் பண்ணைகளில் சொற்பக் கூலிக்கு உழைத்தவர்கள். 1960-களின் கடைசியில் அவர்களுக்கும் சமமான கூலி தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. நல்ல உத்தரவுதான். ஆனால், பண்ணை முதலாளிகள் பலர் கூலியை உயர்த்துவதற்குப் பதிலாக ஆட்களை வெளியேற்றினார்கள். சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டவர்கள் ஃபிட்ஸ்ராய் கிராஸிங்கில் கூடாரம் போட்டார்கள். வேலை இல்லை, நிலம் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் மதுக்கடை இருந்தது. 'அவங்க குடிச்சே கெட்டுப்போனவங்க' என்று யாராவது ஒற்றை வரியில் பேசினால், இந்த இடத்தை அவர்களுக்கு ஞாபகப்படுத்தலாம்.

பெண்கள் கூடினார்கள்!

2007 ஜூலையில் அந்தப் பள்ளத்தாக்கின் பெண்கள் ஊருக்கு வெளியே காட்டில் கூடிப் பேசினார்கள். மார்னின்வர்ண்டிகுரா என்ற பெண்கள் மையம்தான் அந்தக் கூட்டத்துக்கு முதுகெலும்பு. ஜூன் ஆஸ்கார், எமிலி கார்ட்டர் என்ற இரண்டு பெண்களின் பெயர்கள் இந்தக் கதையில் அழுத்தமாகப் பதிந்தவை. மது உரிமம் வழங்கும் அதிகாரியிடம் அவர்கள் வைத்த கோரிக்கை எளிமையானது. எங்கள் ஊரில் பார்சல் மது விற்பதை நிறுத்துங்கள்.

அக்டோபரில் உத்தரவு வந்தது. 2.7 சதவிகிதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எதையும் வீட்டுக்கு வாங்கிப் போக முடியாது. முதலில் ஆறு மாதங்களுக்கு மட்டும். பிறகு 2008-ல் காலவரையின்றி நீட்டிக்கப்பட்டது. ஊருக்குள் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சிலர் பக்கத்து ஊர் வரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் காரில் போய் வாங்கி வந்தார்கள். சொந்த உறவுகளே இந்தப் பெண்களிடம் முகம் கொடுத்துப் பேசாமல் போனார்கள். ஆனாலும், இரவுகள் அமைதியாயின. அடிதடிக் காயங்களோடு மருத்துவமனைக்கு வருபவர்கள் குறைந்தார்கள். இந்தப் போராட்டத்தைப் பற்றி 2009-ல் எடுக்கப்பட்ட 'யாஜிலாரா' என்ற ஆவணப்படம் நியூயார்க்கில் ஐ.நா சபை வரைக்கும் போனது.

மதுக்கடைக்கு எதிராக உட்கார்ந்து போராடும் பெண்களை நமக்கும் தெரியும். அதனால், கதையின் இந்தப் பகுதி நமக்குப் புதிதாக இருக்காது. இதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் எந்த ஊரும் செய்யத் தயங்குகிற காரியம்.

சத்தம் அடங்கிய பிறகுதான் குழந்தைகள் கண்ணில் பட்டார்கள். நேற்று சொல்லிக்கொடுத்ததை இன்று அடியோடு மறக்கும் பிள்ளை. மூன்று வேலை சொன்னால் முதல் வேலையைச் செய்துவிட்டு, அடுத்தது தெரியாமல் திகைத்து நிற்கும் பிள்ளை. ஒரு சின்ன ஏமாற்றத்தைக்கூடத் தாங்க முடியாமல் வகுப்பையே கலங்கடிக்கும் பிள்ளை. அடித்தாலும் மாறாது, கொஞ்சினாலும் மாறாது. பாட்டிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரே சந்தேகம். இது சேட்டைதானா, வேறு ஏதாவதா?

மருத்துவத்தில் இதற்கு 'ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர்' என்று பெயர். சுருக்கமாக, எஃப்.ஏ.எஸ்.டி. கர்ப்பிணி குடிக்கும் மது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் ரத்தத்தில் கலக்கிறது. அதை உடைத்து வெளியேற்றும் அளவுக்குச் சிசுவின் கல்லீரல் வளர்ந்திருக்காது. அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும் மூளையில் அது கை வைக்கிறது. நினைவாற்றல், கவனம், மொழி, கோபத்தைக் கட்டுப்படுத்துவது, 'இதைச் செய்தால் அது நடக்கும்' என்று யோசிப்பது என எது வேண்டுமானாலும் பாதிக்கப்படலாம். சில குழந்தைகளுக்கு மெல்லிய மேலுதடு, சிறிய கண்கள் என்று முகத்தில் அடையாளம் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு எதுவும் இருக்காது. பார்த்தால் எல்லாக் குழந்தைகளையும் போலத்தான். அதுவே அவர்களுக்குப் பெரிய கஷ்டம். வெளியே தெரியாத குறைபாட்டை உலகம் 'திமிர்' என்றே படிக்கிறது.

இது பழங்குடிகளின் நோய் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதன்முதலில் இதை விரிவாக எழுதியவர், பிரான்ஸின் நான்ட் நகரத்துக் குழந்தை மருத்துவர் பால் லெமுவான். 1968-ல் 127 குழந்தைகளைப் பார்த்து அவர் எழுதியது பரவலாகக் கவனம் பெறவில்லை. 1973-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள் பெயர் வைத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஒயின் கோப்பையிலும் பீர் பாட்டிலிலும் இருப்பது அதே ஆல்கஹால்தான். கர்ப்ப காலத்தில் 'இவ்வளவு குடித்தால் பரவாயில்லை' என்று ஓர் அளவை எந்த மருத்துவ ஆராய்ச்சியும் இதுவரை காட்டவில்லை.

நம் வீடுகளுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. உடம்பு தேற வேண்டும் என்று கைப்பக்குவமாகக் கொடுக்கும் அரிஷ்டம், ஆசவம் வகை மருந்துகளில் புளிப்பேறும்போது தானாக உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது. பாட்டிலின் லேபிளிலேயே போட்டிருப்பார்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைக் குடிக்க வேண்டாம்.

'அப்பா குடித்தால் குழந்தைக்கு இது வருமா?' என்ற கேள்வி எழும். கருவில் இருக்கும்போது தாய் வழியாக மது சேர்ந்திருந்தால்தான் எஃப்.ஏ.எஸ்.டி என்று கண்டறிவார்கள். அதற்காக அப்பாவுக்குப் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது. சுற்றி இருக்கும் எல்லோரும் குடிக்கும் வீட்டில், ஒருத்தி மட்டும் ஒன்பது மாதங்கள் தொடாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்று தெரிவதற்கே ஒன்றிரண்டு மாதங்கள் ஆகிவிடுகின்றன. வேண்டுமென்றே தன் பிள்ளையின் மூளையைக் கெடுக்கும் தாய் யாரும் இல்லை.

ஊரே கேட்ட கணக்கு

2008-ல் ஊர்த் தலைவர்கள் கூடி ஒரு திட்டம் வகுத்தார்கள். அதற்கு 'மருலு' என்று பெயர் வைத்தார்கள். புனுபா மொழியில், போற்றி வளர்க்க வேண்டிய அருமையான ஒன்று என்று பொருள். எத்தனை குழந்தைகளுக்கு இந்தப் பாதிப்பு என்று கணக்கெடுக்க முடிவானது. வெளியூர் நிபுணர்கள் வந்து பழங்குடிகளை 'ஆராய்ந்துவிட்டு'ப் போவது அங்கே பழைய வழக்கம். இந்த முறை அழைத்தது ஊர். குழந்தை மருத்துவர்கள் ஜேம்ஸ் ஃபிட்ஸ்பேட்ரிக், எலிசபெத் எலியட் போன்றவர்கள் வந்தார்கள். அங்குள்ள நிண்டிலிங்காரி சுகாதார அமைப்பும் பெண்கள் மையமும் சிட்னியின் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து அந்த வேலையில் இறங்கினார்கள். அதன் பெயர் 'லிலில்வன்'. அங்கே பேசும் கிரியோல் மொழியில் 'சின்னஞ்சிறுசுகள்'.

எண்ணிக்கை எடுப்பதோடு முடியக் கூடாது என்பதில் ஊர் கறாராக இருந்தது. 2002, 2003-ல் பிறந்து அந்தப் பள்ளத்தாக்கில் வாழும் ஒவ்வொரு குழந்தையின் குடும்பத்தையும் தேடிப்போய் அனுமதி கேட்டார்கள். உள்ளூர்க்காரர்களே கூட இருந்து, அவர்கள் மொழியில் விளக்கினார்கள். 108 குழந்தைகளை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர் என்று ஒரு குழுவே பரிசோதித்தது. பாதிப்பு இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு குழந்தைக்கும் அடுத்து என்ன செய்யலாம் என்ற குறிப்பு குடும்பத்தின் கைக்குப் போனது. நான் இந்தக் கதையில் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான். கணக்கு எடுத்தவர்கள், கணக்கில் வந்தவர்களுக்குப் பதிலும் சொல்லியிருக்கிறார்கள்.

127 குழந்தைகளின் குடும்பங்களிடம் பேசியதில், பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்கள் கர்ப்ப காலத்தில் குடித்திருந்தது தெரிந்தது. பரிசோதித்த 108 பேரில் 21 குழந்தைகளுக்கு எஃப்.ஏ.எஸ்.டி. ஐந்தில் ஒன்று. உலகத்தில் அதுவரை பதிவான மிக அதிக விகிதங்களில் ஒன்று அது. இந்த எண் வெளியே வந்தால் ஊருக்கு அவமானம் என்று பயந்தவர்கள் உண்டு. மூடி வைத்தால் பிள்ளைகளுக்கு உதவி வராது என்று சொன்னவர்கள் ஜெயித்தார்கள்.

எஃப்.ஏ.எஸ்.டி-யைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. மாற வேண்டியது சுற்றி இருப்பவர்களின் அணுகுமுறைதான். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்வது. 'ஒழுங்கா இரு' என்று பொதுவாகச் சொல்லாமல் 'செருப்பை இங்கே வை' என்று சொல்வது. தினமும் ஒரே வரிசையில் வேலைகள் நடப்பது. அந்த வரிசையைப் படமாகச் சுவரில் ஒட்டி வைப்பது. சத்தமும் கூட்டமும் அதிகமானால் ஒதுங்கிக்கொள்ள ஓர் அமைதியான மூலை. நேற்று தெரிந்தது இன்று மறந்தால், கோபப்படாமல் மறுபடி முதலிலிருந்து சொல்வது. கேட்கச் சின்ன விஷயங்கள்தான். தினம் தினம், வருடக்கணக்கில் செய்யும் பாட்டியின் பொறுமையைத்தான் அளக்க முடியாது.

பள்ளத்தாக்கின் பள்ளிகளில் எட்டு வாரப் பாடம் ஒன்றையும் கொண்டு வந்தார்கள். உடம்பை கார் இன்ஜினோடு ஒப்பிடும் பாடம் அது. 'இப்ப உன் இன்ஜின் ரொம்ப வேகமா ஓடுதா, மந்தமா ஓடுதா, சரியா ஓடுதா?' என்று குழந்தை தன்னையே கேட்டுக்கொள்ளப் பழகுகிறது. வேகமாக ஓடினால் என்ன செய்து குறைப்பது என்றும் ஆசிரியர் சொல்லித் தருகிறார். 'கோபப்படாதே' என்று நூறு தடவை சொல்வதைவிட இது உருப்படியான வழி.

கவனிக்காமல் விட்டால்..?

அதே மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் பேங்க்சியா ஹில் என்ற சிறார் சிறை இருக்கிறது. அங்கிருந்த 99 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2018-ல் வெளியானது. 36 பேருக்கு எஃப்.ஏ.எஸ்.டி. அந்த 36 பேரில் இரண்டே பேருக்குத்தான் அதற்கு முன்பு அது கண்டறியப்பட்டிருந்தது. மற்றவர்களெல்லாம் பள்ளிக்கூடம், போலீஸ், கோர்ட் என்று அத்தனை வாசல்களையும் தாண்டி வந்திருக்கிறார்கள். யாருக்கும் தோன்றவில்லை. கேள்வி புரியாமலே 'ஆமா சார்' என்று தலையாட்டும் பழக்கம் இந்தப் பிள்ளைகளுக்கு உண்டு. விசாரணை அறையில் அந்த 'ஆமா'வுக்கு என்ன விலை என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபிட்ஸ்ராய் பள்ளத்தாக்கில் கர்ப்ப காலத்தில் குடித்ததாகச் சொன்ன பெண்கள் 2008-ல் 61 சதவிகிதம். 2015-ல் அது சுமார் 32 சதவிகிதம். மது கட்டுப்பாடு, பிரசாரம், கர்ப்பிணிகளோடு தொடர்ந்து பேசியது என்று எல்லாம் சேர்ந்து கொண்டுவந்த மாற்றம் இது. இன்னும் மூன்றில் ஒருவர் மிச்சம் இருக்கிறார்கள் என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

ஆஸ்திரேலியா முழுவதும் மது பாட்டில்களில் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கைப் படம் 2023 ஜூலை 31 முதல் கட்டாயம். ஜூன் ஆஸ்கார் 2017-ல் அந்நாட்டுப் பழங்குடிகளின் சமூக நீதி ஆணையரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்.

லிலில்வனின் சின்னஞ்சிறுசுகள் இப்போது இருபது வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் பதின்ம வயதின் முடிவில் இருந்தபோது, ஆராய்ச்சியாளர்கள் பெண்கள் மையத்தோடு சேர்ந்து மறுபடி ஒவ்வொருவரையும் தேடிப் போனார்கள். எப்படி இருக்கிறீர்கள், என்ன உதவி வேண்டும் என்று அவர்களிடமும் குடும்பத்தாரிடமும் கேட்டார்கள். அந்த வேலைக்கும் கிரியோலில்தான் பெயர். 'பிகிஸ்வன் கிட்'. வளர்ந்த பிள்ளை.