பென் டிரைவை ஃபார்மேட் செய்யும் முன்

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்த பென் டிரைவை வீட்டுக் கணினியில் செருகினால், குடும்பப் படங்கள் இருந்த இடத்தில் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்கள் மட்டும் தெரிகின்றன. பலர் பதறிப்போய் உடனே ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பெரும்பாலும் படங்கள் அங்கேயேதான் இருக்கும். ஒரு வைரஸ் அவற்றைக் கண்ணில் படாமல் மறைத்திருக்கும்.

பென் டிரைவைச் செருகியதும் அதில் உள்ளதைத் தானாக இயக்கும் வசதியைப் பழைய விண்டோஸ்களிலும் 2011-இல் மைக்ரோசாஃப்ட் முடக்கியது. அதற்குப் பிறகு இத்தகைய வைரஸுக்கு நம் கையால் ஒரு கிளிக் தேவைப்பட்டது. அதனால் அசல் ஃபோல்டரை ஒளித்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டை வைக்கிறது. கிளிக் செய்தால் ஃபோல்டர் வழக்கம்போலத் திறக்கும். கூடவே ஒரு ஸ்கிரிப்ட்டும் சத்தமில்லாமல் ஓடும். யாருக்கும் சந்தேகம் வராது. அந்த ஸ்கிரிப்ட் கணினியில் தன் நகலைப் பதுக்கிவைத்து, ஒவ்வொரு முறை கணினியை ஆன் செய்யும்போதும் எழுந்துகொள்ளும். அடுத்து எந்த பென் டிரைவைச் செருகினாலும் அதையும் பிடித்துக்கொள்ளும். 2014-இல் மைக்ரோசாஃப்ட் நீதிமன்றத்தை நாடி முடக்க முனைந்த ஜென்க்சஸ் இந்த ரகம்தான். வேறெங்கோ இருப்பவர் நம் கணினியை இயக்கவும் அது வழிவிட்டது.

ஆகவே முதலில் சுத்தம் செய்ய வேண்டியது கணினியை. பென் டிரைவை எடுத்துவிடுங்கள். விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அப்டேட் செய்து, வைஃபையைத் துண்டியுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குள் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சோதனை நடக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் வைரஸும் இதில் சிக்க வாய்ப்பு அதிகம். பிறகு டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலைப் பாருங்கள். அடையாளம் தெரியாத ஸ்கிரிப்ட் இருந்தால் டிஸேபிள் செய்யுங்கள்.

இனி பென் டிரைவ். செருகியதும் திறக்காமல், ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னால் மட்டும் போதாது. சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுக்க வேண்டும். அப்போதுதான் அசல் ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் காப்பி செய்துகொண்டு, பென் டிரைவை இப்போது ஃபார்மேட் செய்யலாம். டிக்கைப் பழையபடி போட்டுவிடுங்கள்.

பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை அந்தக் கணினியில் மாற்றாதீர்கள். கைபேசியிலிருந்து மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் செய்யுங்கள். ஆஃப்லைன் ஸ்கேனுக்குப் பிறகும் ஷார்ட்கட்கள் திரும்பி வந்தால், படங்களைக் காப்பாற்றிவிட்டு விண்டோஸையே புதிதாகப் போடுவதுதான் சரி. அடுத்த முறை கடைக்குப் போகும்போது, பிரிண்ட் எடுக்க வேண்டிய ஃபைலை மட்டும் ஒரு காலி பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோங்கள்.