ஓசியில் கொடுத்தார், காசு கரைந்தது! விலை வைத்தார், கூட்டம் கூடியது!

"நாளை முதல் வாட்ஸ்அப்புக்குக் காசு. இந்தச் செய்தியை 10 பேருக்கு அனுப்பினால் உங்களுக்கு மட்டும் இலவசம்."

இப்படி ஒரு செய்தி உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும். நீங்களும் "எதுக்கு வம்பு" என்று மச்சானுக்கும் மாமாவுக்கும் தட்டி விட்டிருப்பீர்கள்.

அது சுத்தப் புளுகு!

ஆனால் ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. வாட்ஸ்அப்புக்கு ஒரு காலத்தில் நிஜமாகவே காசு வாங்கினார்கள். இலவசமாகக் கொடுத்து வந்ததற்குத் திடீரென்று விலை போட்டார்கள். பேராசையால் அல்ல, கையில் இருந்த காசு கரைந்ததால்!

கடை கூட்டிய பையன்

வாட்ஸ்அப்பைத் தொடங்கியவர் ஜான் கூம். உக்ரைனில் பிறந்தவர். 16 வயதில் தாயாருடன் அமெரிக்கா வந்தார். கலிபோர்னியாவில் உள்ள மவுண்டன் வியூ என்ற ஊரில் குடியேறினார்கள்.

தாயார் பிள்ளை பார்த்துக் கொள்ளும் வேலைக்குப் போனார். மகன் மளிகைக் கடையில் தரை கூட்டினார். அரசாங்கம் கொடுத்த உணவுக் கூப்பனுக்காக வரிசையில் நின்ற குடும்பம் அது.

பிறகு யாஹூ கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே பிரையன் ஆக்டன் என்பவர் நண்பரானார். 2007-ல் இருவரும் வேலையை விட்டார்கள். பேஸ்புக்கில் வேலை கேட்டார்கள். கிடைக்கவில்லை.

2009 பிப்ரவரி 24-ந் தேதி கூம் தனிக் கம்பெனி பதிவு செய்தார். அன்று அவருடைய பிறந்த நாள்!

ஒவ்வொரு ஆளுக்கும் நஷ்டம்

முதலில் ஐபோனுக்கு மட்டும் வந்தது. இலவசம். இரண்டரை லட்சம் பேர் வரை வந்து சேர்ந்தார்கள்.

கூட்டம் சேர்ந்தால் லாபம்தானே என்று கேட்பீர்கள். இங்கேதான் சிக்கல்!

புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும், நம்பர் சரிதானா என்று பார்க்க ஒரு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். அந்த எஸ்.எம்.எஸ்.சுக்குக் காசு கட்டுவது கம்பெனி. அமெரிக்காவுக்குள் என்றால் ஒன்றுக்கு 2 சென்ட். வளைகுடா நாடுகளுக்கு என்றால் 65 சென்ட்!

தண்ணீர்ப் பந்தல் போட்டவர், ஒவ்வொரு டம்ளருக்கும் தன் மடியிலிருந்து காசு எடுத்து வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கலாம். அதற்கு இருவருமே சம்மதிக்கவில்லை. கூமின் பாங்கி இருப்பு கரைந்து கொண்டே வந்தது.

2009 அக்டோபரில் யாஹூவில் கூட வேலை பார்த்த 5 நண்பர்களிடம் ஆக்டன் இரண்டரை லட்சம் டாலர் திரட்டிக் கொண்டு வந்தார். மூச்சு வந்தது. ஆனால் அதுவும் எத்தனை நாளைக்கு?

கூட்டத்தைக் குறைக்க விலை!

அப்போதுதான் அந்த யோசனை. விலை வைத்தால் வருகிறவர்கள் குறைவார்கள், எஸ்.எம்.எஸ். செலவும் குறையும். அவ்வப்போது இலவசத்தை நிறுத்தி 1 டாலர் அளவில் விலை போட்டார்கள்.

2009 டிசம்பரில் படம் அனுப்பும் வசதி சேர்த்தார்கள். அப்போது விலை இருந்தது. கூட்டம் குறையும் என்று பார்த்தால், முன்னைவிட வேகமாக ஏறியது! இருவருக்கும் ஒரே ஆச்சரியம். "அப்ப காசு வாங்கிக்கிட்டே நடத்தலாம் போலிருக்கே" என்ற தைரியம் வந்தது.

பொருள் உபயோகமாக இருந்தால் ஜனங்கள் காசு கொடுக்கத் தயங்க மாட்டார்கள் என்பது கடைக்காரர்களுக்குத் தெரிந்த கணக்குதான். செல்போன் உலகம் அதை அப்போதுதான் படித்தது.

பிறகு முதல் வருஷம் இலவசம், அதன் பின் வருஷத்துக்கு 99 சென்ட் சந்தா என்ற முறையும் வந்தது.

2014 பிப்ரவரியில், வேலை கொடுக்காத அதே பேஸ்புக் 1,900 கோடி டாலர் பேசி வாட்ஸ்அப்பை வாங்கியது. கூம் கையெழுத்துப் போட்ட இடம் எது தெரியுமா? உணவுக் கூப்பனுக்காக அவர் வரிசையில் நின்ற பழைய அலுவலகத்தின் வாசல்!

2016 ஜனவரியில் சந்தாவை எடுத்து விட்டார்கள். பாங்கி அட்டை இல்லாதவர்கள் எப்படிக் கட்டுவார்கள், நண்பர்களோடு தொடர்பு அறுந்து போகுமே என்பது அவர்கள் சொன்ன காரணம்.

உங்கள் பாக்கெட் பத்திரம்!

இனி எந்த ஆப்பாவது காசு கேட்டால் என்ன செய்வது?

கூகுள் பிளே கடையில், இலவசம் என்று ஒரு முறை வைத்த ஆப்பை விலை ஆப்பாக மாற்ற அனுமதி இல்லை. புது ஆப்பாகத்தான் கொண்டு வர வேண்டும். ஆனால் ஆப்புக்கு உள்ளே சந்தா கேட்கலாம். ஆப்பிள் கடையில் விலை வைக்கலாம். ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பவர்கள் மறுபடி கட்ட வேண்டியதில்லை.

நிஜமான ஆபத்து "முதல் மாதம் இலவசம்" என்பதில் இருக்கிறது. ஆட்டோபேக்கு நீங்கள் சம்மதம் கொடுத்து விட்டால், அடுத்த மாதம் காசு தானாகப் போகும். ஆப்பை அழித்து விட்டால் சந்தா நின்று விட்டது என்று நினைக்காதீர்கள். தனியாக ரத்து செய்ய வேண்டும்.

காசு எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கி விதி. அந்த எஸ்.எம்.எஸ்.சைப் படிக்காமல் தள்ளி விடாதீர்கள்.

ஏமாற்றிச் சந்தாவில் மாட்டி விட்டார்களா? நுகர்வோர் உதவி நம்பர் 1915. லிங்க்கைத் தட்டிப் பணம் பறிபோனதா? உடனே சைபர் கிரைம் 1930-க்குப் போன் போடுங்கள்.

10 பேருக்கு ஏதாவது அனுப்பித்தான் தீருவேன் என்றால், இந்த இரண்டு நம்பரையும் அனுப்புங்கள்!