நீலகிரியின் நினைவுக் கற்கள்

உதகமண்டலம் என்னும் பெயர் ஒரு கல்லினின்று பிறந்ததென்பர் சிலர். தோதவர் தம் குடியிருப்பை மந்து என்பர். ‘ஒற்றைக்கல் மந்து’ என்பதே நாளடைவில் இங்ஙனம் திரிந்தது என்பது அவர் கொள்கை. இது மெய்யாயின், ஊருக்குப் பெயரீந்த கல்லைக் காண ஒருவரும் மலையேறுவதில்லை. ஏரியையும் மலர்த்தோட்டத்தையும் காணவே ஏறுகின்றனர்.

இம்மலைநாட்டில் எளிதிற் காணத்தக்க நினைவுச் சின்னங்கள் யாவை? கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் ஸல்லிவன் துரை 1819-ஆம் ஆண்டில் இங்கு வந்து, கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் அமைத்த வீடு முதலாவது. நெடுநாள் பாழாய்க் கிடந்து, பின்னர்ப் புதுக்கப்பெற்ற அவ்வீட்டில் இப்பொழுது நீலகிரி வரலாற்றை விளக்கும் படங்களும் ஏடுகளும் வைக்கப்பட்டுள்ளன. அவர் 1822-இல் உதகையில் கட்டத் தொடங்கிய கல் பங்களாவில் இன்று அரசினர் கலைக்கல்லூரி நடைபெறுகின்றது. தூய ஸ்தேவான் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய மனைவியாரும் மகளும் அடக்கம் பெற்றுள்ளனர்.

அவ்வாலயத்தின் கூரையைச் சற்றே நிமிர்ந்து நோக்குவார்க்கு ஒரு வியப்பு உண்டு. 1829-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அதற்குரிய பெரிய உத்திரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையை இடித்து எடுத்த மரங்கள். அரசன் 1799-இல் மாண்டான். அவன் மாளிகையின் மரம் மலையுச்சியில் வேறொரு கூரையைத் தாங்குகின்றது. சுவர்களிற் பதித்த பலகைகள் துரைமார் பெயரையும் துரைசானிமார் பெயரையும் செவ்வனே கூறும். அம்மரங்களைச் சுமந்து மலையேற்றிய கூலியாட்களின் பெயரை அவற்றுள் தேடுதல் வீண்.

மலைமக்களைப் பற்றிக் கல்லெழுத்தே இல்லையோ எனின், உண்டு. ஆயின் அது மலையில் இல்லை. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனுடைய தண்டநாயகன் புணிசன் நீலமலையைக் கைப்பற்றித் தோதவரை அஞ்சுவித்தான் என்று, மைசூர் நாட்டுச் சாமராஜநகரத்தில் உள்ள 1117-ஆம் ஆண்டுச் சாசனம் கூறுகின்றது. தோதவர் பெயர் காணப்பெறும் மிகப் பழைய எழுத்து இதுவே என்பர். வென்றவன் எழுதுவித்ததாதலின், அவர்கள் அஞ்சியது மட்டுமே அதில் ஏறிற்று. அவர்கள் எருமை மேய்த்ததும், பாற்கோயிலைப் போற்றியதும் எழுதுவார்க்கு வேண்டுவனவாயில்லை.

எழுத்தில்லாக் கற்களோ மலையெங்கும் உள. குன்றுகளின் உச்சியில் வட்டமாய் அடுக்கிய கற்குவைகள் பழையோர் இறந்தாரைப் புதைத்த இடங்கள். நீலகிரியின் முதற் கமிஷனர் ப்ரீக்ஸ் துரை இவற்றுட் பலவற்றை அகழ்ந்து, வெண்கலக் கிண்ணங்களையும், இரும்பாயுதங்களையும், எருமை முதலிய உருவங்கள் அமைந்த மட்கல மூடிகளையும் கண்டெடுத்தார். 1872-இல் அவர் இறந்தபின், மறு ஆண்டில் அவர் நூலை அவருடைய மனைவியார் வெளியிட்டார். அப்பொருள்களைக் காண விரும்புவோர் சென்னை நூதனசாலைக்குச் செல்லல் வேண்டும். மலையில் எஞ்சியவை வெறுங் கற்களே. பலவற்றின் அருகில் ஓர் அறிவிப்புப் பலகையும் இல்லை. வேலிக்குக் கல் தேடுவோனுக்கும் தேயிலைக்கு நிலம் திருத்துவோனுக்கும் அவை கல்லாகவே தோன்றும். அவனைக் குறைகூறிப் பயன் என்னை? அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தார் 1927 முதலாக நெடுஞ்சாலை ஓரங்களிற் பலகை நட்டு, இவ்விடத்தில் இன்னது நிகழ்ந்தது என வழிப்போக்கர்க்கும் அறிவிக்கின்றனர். நானூறு ஆண்டு வரலாறுடையார் அங்ஙனம் செய்ய, அதனினும் பன்மடங்கு பழமையுடைய ஈமக்கற்களுக்கு நாம் ஒரு பலகை நடலாகாதா?

சோலூர், மேலூர் முதலிய ஊர்களின் பக்கத்தில் வீரர் உருவம் பொறித்த கற்றிட்டைகள் உள்ளன. ஒரு பெரிய கல்லை மூடியாக இட்டு, மூன்று புறமும் கற்பலகை நிறுத்திய சிறு வீடு போன்றது கற்றிட்டை. குறும்பர், இருளர் ஆகியோரிடையே ஒரு வழக்கம் இருந்தமை நூல்களிற் பதிவாகியுள்ளது. தம்மவர் ஒருவர் இறந்தால், ஆற்று நீரில் உருண்டு வழவழப்பான சிறு கல் ஒன்றைத் தேடிக் கொணர்ந்து இத்தகைய கற்றிட்டையினுள் வைப்பர். அக்கல்லில் எழுத்தில்லை, இன்னாருக்கு இன்ன கல்லென்பதை வைத்த கையே அறியும். அடுத்த முறை உதகைக்குச் செல்லும் மாணவர், கற்றிட்டை ஒன்றைக் கண்டு குனிந்து உள்ளே நோக்கினால், அத்தகைய கூழாங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடத்தல் கூடும். அவற்றுள் ஒன்றையேனும் கையில் எடுத்து வாராதிருப்பாராக.