கோல் கம்பங்களுக்கு நடுவே தங்கராஜ்

பீட்டர் தங்கராஜ் கால்பந்துக்கு வந்தது கோல் அடிக்கத்தான். 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத் கிளப்புகளில் ஆடிப் பழகியவர். ராணுவத்தில் சேர்ந்து நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்கு வந்தபோதும் சென்டர் ஃபார்வர்டாகத்தான் ஆடினார். ஆறடியைத் தாண்டிய உயரமும் நீண்ட கைகளும் அவரைப் பின்னால் தள்ளி, கோல்கீப்பர் ஆக்கின. அந்த மையத்து அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது.

அவர் வாழ்க்கையின் பெரிய நாள் 1962 செப்டம்பர் 4. ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி, கால்பந்து இறுதியாட்டம். எதிரே தென்கொரியா, முதல் சுற்றில் இந்தியாவை 2-0 என வீழ்த்திய அணி. தங்கராஜ் காய்ச்சலில் படுத்திருந்ததால் பிரத்யுத் பர்மன் கோல் காத்துவந்தார், குறை சொல்ல முடியாதபடி. ஆனாலும் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் இறுதியாட்டத்துக்குத் தங்கராஜைத்தான் இறக்கினார். கொரியர்கள் தூக்கி அடிக்கும் பந்துகளைத் தலைகளுக்கு மேலேயே பறிக்க அந்த உயரம் தேவை என்பது அவர் கணக்கு. காய்ச்சலிலிருந்து எழுந்தவரை நம்பியது துணிச்சல்தான். பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தார்கள். கொரியாவுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. தங்கம் இந்தியாவுக்கு.

கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். 1967-ல் அர்ஜுனா விருது பெற்றார்.

பிறகு பயிற்சியாளர். பொக்காரோ உருக்காலை நகரில் தங்கி, அங்கிருந்த கால்பந்து அகாடமியில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இங்கிலாந்தின் பாப் வில்சனோடு ஒப்பிடத் தோன்றுகிறது. 1971-ல் அர்செனல் லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்து வென்றபோது கோல்கீப்பர் அவர்தான். ஓய்வுக்குப் பின் அதே கிளப்பில் கோல்கீப்பர்களுக்கு மட்டுமே பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் இருந்தார். டேவிட் சீமன் அவரிடம் பயின்றவர். வில்சன் அதைப் பற்றியெல்லாம் எழுதினார், தொலைக்காட்சியில் பேசினார். தங்கராஜின் பயிற்சிக் காலம் பற்றித் தமிழில் தேடினால் ஒரு பத்திகூடத் தேறுவது கஷ்டம்.

கோல்கீப்பர்களுக்கெனத் தனிப் பயிற்சி எவ்வளவு தேவை என்பது புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளி மைதானங்களில் ஒரு சாயங்காலம் நின்றாலே தெரியும். ஜல்லிக்கட்டுக்கும் கபடிக்கும் பேர்போன ஊர்ப்பக்கம். கால்பந்துக்கு மிஞ்சுவது செம்மண் தரை. பாய்ந்து விழுந்தால் முழங்கை உரிந்துவிடும். அதனால் கோல் காக்கும் பையன் விழாமலே ஆடப் பழகுகிறான்; தாழ்ந்து வரும் பந்துக்குக் கையை விட்டுக் காலை நீட்டுகிறான். பி.டி. வாத்தியார் ஒருவரே பதினோரு பேரையும் கவனிக்க வேண்டும். எப்படி விழுவது, விழுந்தும் பந்தை எப்படி நெஞ்சோடு அணைப்பது என்பதை அவனுக்குத் தனியாகக் கற்றுத்தர ஆளில்லை. மைதானத்து மூலையில் நாலு வண்டி மணல் கொட்டினால்கூடப் பாதிப் பயம் போய்விடும். பெரிய செலவும் இல்லை.

தங்கராஜ் 2008 நவம்பர் 24 அன்று பொக்காரோவில் காலமானார். ரஹீமின் கதையைச் சொல்லும் ‘மைதான்’ இந்திப் படம் 2024-ல் வந்தபோதுதான் இளைய தலைமுறையில் பலருக்கும் தங்கராஜின் பெயர் தெரிந்தது. அந்தப் படத்திலும் அவர் கோல்கீப்பர் மட்டும்தான். பொக்காரோ வாத்தியார் இல்லை.