"சுனாமியையே பார்த்தாச்சு!"

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு வலுத்து நாகை துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியதும், மீனவக் குப்பங்களில் வேலை சூடுபிடிக்கும். ஃபைபர் படகுகளை மேட்டுக்கு இழுத்துப் போட்டு, இன்ஜினைக் கழற்றித் தோளில் சுமந்து வீடு சேர்ப்பார்கள். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, அடகுச்சீட்டு எல்லாம் ஒரே பாலிதீன் பைக்குள் போகும். ஆனால், ஆட்டோவில் மைக் கட்டி 'முகாமுக்கு வாங்க' என்று அழைத்தால் மட்டும், "சுனாமியையே பார்த்தாச்சு" என்பார்கள்.

இதை அலட்சியம் என்று எழுதிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதை அளவுகோலாக வைத்துக்கொண்ட மனசுக்கு, அடுத்து வருவதெல்லாம் சின்னதாகத்தான் தெரியும். அதே கடலில் இறங்கிப் பிழைப்பவர்கள் தினமும் பயந்துகொண்டிருக்க முடியுமா? ஆண்டுதோறும் அந்த நாளில் தொழிலுக்குப் போகாமல், கடலில் பால் ஊற்றி, பூத் தூவுகிறார்கள். துக்கத்துக்கு ஒரு நாளை ஒதுக்கிவிட்டு மற்ற நாட்களைப் பிழைப்புக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

சிக்கல் என்னவென்றால், சுனாமி நிலநடுக்கத்தால் வந்தது. இனி வருவது வேறு ரகம். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது என்கிறது ஐ.நா.வின் பருவநிலைக் குழு. ஒரு சாண்கூட இல்லைதான். ஆனால், புயலலை அந்தச் சாணின் மேல் ஏறி நின்றுகொண்டு வருகிறது.

பயமுறுத்தினால் ஜனங்கள் கிளம்பிவிடுவார்கள் என்பதும் தப்புக்கணக்கு. ரைன் நதி வெள்ளத்துக்குப் பழகிய ஜெர்மனியின் கொலோன் நகரவாசிகளை ஆராய்ந்த குரோத்மன், ராய்ஸ்விக் இருவரும் 2006இல் இதைத்தான் சொன்னார்கள்: ஆபத்து உண்டு என்று தெரிந்தால் போதாது, தன்னால் ஏதாவது செய்ய முடியும், அதற்குப் பலன் இருக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டும். அது இல்லாதபோது, 'ஒன்றும் ஆகாது' என்று மனசு தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்கிறது.

நம் கரையில் அந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம்? 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. முகாமில் உயிரைக் காத்துக்கொண்டு திரும்பியவர்களில் எத்தனையோ பேருக்குக் கூரையும் இல்லை, படகும் இல்லை, தென்னையும் இல்லை. அடுத்த முறை கூப்பிடும்போது அவர்கள் யோசிக்கத்தானே செய்வார்கள்?

முகாமுக்கு அழைப்பவர்கள், படகுக்கும் ஆட்டுக்கும் ஒரு வழி சொல்லிவிட்டு அழைக்கட்டும். மழை விட்ட பிறகும் அலைச்சத்தத்துக்கு இரவில் திடுக்கிட்டு எழுந்து உட்காருபவர் உங்கள் வீட்டில் இருந்தால், 'டெலி மனாஸ்' மனநலச் சேவையின் 14416 எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.